அப்பா பையில் ஃபியூஸ், அம்மா பையில் ரெகுலேட்டர்

எங்கள் வீட்டில் கரண்டு அப்பா பெயரில் இருந்தது. கேஸ் அம்மா பெயரில் இருந்தது. நான் இரண்டு பேர் பெயரிலும் இருந்தேன். அதுதான் சிக்கல்.

கிழக்குத் தாம்பரத்தில், சேலையூர் போகும் வழியில் ஒரு காலனி வீடு. அப்பாவுக்குக் கிண்டியில் ஆபீஸ். அம்மா மாடம்பாக்கத்தில் ஒரு பள்ளியில் டீச்சர். நான் பத்தாம் வகுப்பு. வெளியிலிருந்து பார்த்தால் காம்பவுண்டு சுவர், செம்பருத்திச் செடி, வாசலில் கோலம் என்று எல்லாம் ஒழுங்காகத்தான் இருக்கும். உள்ளே இரண்டு பேரும் ஒருவரோடு ஒருவர் பேசி ஒன்பது மாதம் ஆகியிருந்தது. எதனால் தொடங்கியது என்று கேட்டால் இரண்டு பேரிடமும் இரண்டு கதை. அம்மா கதையில் ஒரு தீபாவளிக்கு வந்து பதினோரு நாள் தங்கிய என் அத்தை. அப்பா கதையில் அந்த அத்தையைப் பற்றி அம்மா சமையலறையில் சொன்ன ஒரு வாக்கியம்.

காலை ஏழரைக்கு அப்பா ஷூ லேஸ் கட்டி முடித்ததும் வராந்தாவில் இருக்கும் மெயின் சுவிட்சைக் கீழே தள்ளுவார். பீங்கான் ஃபியூஸ் கட்டையைப் பிடுங்குவார். கர்சீப்பில் சுற்றி ஆபீஸ் பைக்குள் வைத்துக்கொண்டு கிளம்பிவிடுவார். "நான் இல்லாத நேரத்துல என் கரண்டுல யாரும் காத்து வாங்க வேணாம்னு உங்கம்மாகிட்ட சொல்லு." எட்டரைக்கு அம்மா கிளம்புவாள். அவள் சிலிண்டர் தலையிலிருந்து ரெகுலேட்டரைக் கழற்றி, பரீட்சைத் தாள் கட்டுக்கும் குடைக்கும் நடுவில் செருகிக்கொள்வாள். "லீவு போட்டுட்டு வந்து என் கேஸ்ல காபி போட்டுக் குடிக்கலாம்னு யாரும் நெனைக்க வேணாம்னு உங்கப்பாகிட்ட சொல்லு." சாயங்காலம் ஆறு மணிக்கு அம்மா வந்து ரெகுலேட்டரை மாட்டி, அவளுக்கும் எனக்கும் மட்டும் சமைப்பாள், மெழுகுவர்த்தி வெளிச்சத்தில். ஏழு மணிக்கு அப்பா ஸ்டேஷன் பக்கத்து ஓட்டலில் வாங்கிய பார்சலோடு வந்து ஃபியூஸைச் செருகுவார். டியூப் லைட் இரண்டு முறை கண்ணடித்து எரியும். அவர் டிவி முன்னால் பார்சலைப் பிரிப்பார்.

பள்ளிக்கூடம் விட்டு நாலே காலுக்கு நான் வீட்டுக்குள் நுழையும்போது ஃபேன் ஓடாது, மோட்டார் ஓடாது, அடுப்பு எரியாது. இரண்டு பேரும் என்னைத் தண்டிக்க நினைக்கவில்லை. என்னைப் பற்றி நினைக்கவே இல்லை, அவ்வளவுதான்.

என் வேலை செய்தி கொண்டுபோவது. அதில் நான் கெட்டிக்காரி. "அந்த மனுஷனுக்குக் கண்ணு அவிஞ்சு போச்சான்னு கேளு, டேங்க் வழிஞ்சுகிட்டே இருக்கு" என்று சமையலறையிலிருந்து கிளம்பும் செய்தி, பத்தடி நடந்து ஹாலுக்குப் போய்ச் சேரும்போது "டேங்க் ரொம்பிடுச்சாம்பா" என்று ஆகியிருக்கும். பதிலும் அப்படித்தான் வெட்டுப்பட்டுச் சுருங்கித் திரும்பும். சொல்லை வளைப்பதில் எனக்கு எந்தக் கூச்சமும் இல்லாமல் போனது அந்த ஒன்பது மாதத்தில்தான். பின்னால் அதுதான் என்னைக் கடித்தது.

என் வகுப்பில் ஒருத்தி இருந்தாள், ஒன்பதாம் வகுப்பில் எங்கள் பள்ளிக்கு வந்தவள். தோல் பதனிடும் ஷாப்புகள் இருக்கும் பம்மலிலிருந்து பஸ்ஸில் வருவாள். கடைசி பெஞ்ச். நகக் கண்ணெல்லாம் கறுப்பு. 'தோல் ஷாப்பு நாத்தம்' என்று முன் பெஞ்ச் பெண்கள் மூக்கைப் பொத்துவார்கள். எனக்கும் முன் பெஞ்ச்தான். நானும் பொத்தியிருக்கிறேன்.

விஞ்ஞான வகுப்பில் ஒருநாள் மின் உருகி என்றால் என்ன என்று டீச்சர் கேட்டார். என் கை எப்போதும் போல முதலில் எழுந்தது. குறைந்த உருகுநிலை கொண்ட கம்பி, மிகை மின்னோட்டம் பாயும்போது உருகிச் சுற்றைத் துண்டிக்கிறது, என்று மூச்சு விடாமல் ஒப்பித்தேன். பின்னாலிருந்து ஒரு சிரிப்பு கேட்டது. இன்டர்வெல்லில் நேராகப் போய் அவள் முன்னால் நின்றேன்.

"எதுக்குச் சிரிச்ச?"

"சொம்மா."

"சும்மா யாராவது சிரிப்பாங்களா?"

"இல்லடீ, இம்மாம் பேசுறியே, ஒனக்கு பீஸு கட்டத் தெரியுமா? கம்பியக் கையில தொட்டிருக்கியா?"

"எங்க வீட்ல பகல்ல ஃபியூஸே கிடையாது."

"இன்னாது?"

"எங்கப்பா ஆபீசுக்கு எடுத்துட்டுப் போயிடுவாரு."

அவள் சிரிப்பு பாதியில் நின்றது. "ஆபீசுக்கா? ஆபீசுல பீஸு இல்லியா?"

எனக்கே தெரியாமல் எல்லாவற்றையும் கொட்டினேன். ரெகுலேட்டர், பார்சல், மெழுகுவர்த்தி, 'சொல்லு, சொல்லு, சொல்லு'. அதுவரை யாரிடமும் சொன்னதில்லை. பாவம் என்று அவள் சொல்லியிருந்தால் அத்தோடு திரும்பிப் போயிருப்பேன். அவள் முழுதும் கேட்டுவிட்டுச் சொன்னது ஒரே வார்த்தை.

"சூப்பர் வூடுடீ."

பிறகு அவள் தன் வீட்டைச் சொன்னாள். முன் ரூமில், எரிந்த மோட்டாருக்குக் கம்பி சுற்றிக் காயில் கட்டும் அப்பாவின் கடை, பின் ரூமில் ஏழு பேர். குடித்துவிட்டு வரும் சித்தப்பா, அவரைத் தவலையால் அடிக்கும் அம்மா, நடுவில் புகுந்து இரண்டு பேரிடமும் அடி வாங்கும் பாட்டன். சாயங்காலம் புத்தகத்தைப் பிரித்தால் அதன் மேல் யாராவது உட்கார்ந்து அழுவார்கள். "எங்க வூட்டுல கரண்டு கீது, கேஸு கீது, எடந்தான் இல்ல. உங்க வூட்டுல எடம் கீது."

இரண்டு பேரும் ஒரே நேரத்தில் அதை யோசித்தோம் என்றுதான் நினைக்கிறேன்.

அடுத்த வாரம் டிபன் டப்பாவுக்குள் ஒரு ஃபியூஸ் கட்டை கொண்டுவந்தாள். கடையில் கழித்துப் போட்டது, ஒரு மூலை உடைந்தது. கூடவே ஒரு சாண் ஃபியூஸ் கம்பியும் சின்ன ஸ்க்ரூ டிரைவரும். மத்தியான இடைவேளையில் பெஞ்சில் வைத்துப் பாடம் நடத்தினாள். "கம்பிய ஸ்க்ரூவுக்கு வலப் பக்கமா சுத்து. அப்பதான் முடுக்க முடுக்க உள்ள இழுத்துக்கும். எடப் பக்கம் சுத்துனா வெளிய தள்ளிடும். மொதல்ல மெயின அணைக்கணும், அப்பறம்தான் கட்டையத் தொடணும். மறந்தன்னா நீ பத்தாங்கிளாசு பாஸாக வேணாம்."

"நீயே வந்து போட்டுடேன்."

"மாட்டேன்." சொன்ன வேகத்தில் கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள். "அடுத்தவங்க வூட்டு மெயின்ல, வூட்டுக்காரங்க சொல்லாம கை வைக்கக் கூடாது. எங்கப்பா கடைல அதான் மொத ரூலு. வச்சவன் அப்பறம் டேபிள்ல உக்கார முடியாது. அது உன் வூடு, நீ போடு."

அந்த டேபிள் அவளுக்கு என்னவென்று சொல்ல வேண்டும். பத்து வயதிலிருந்து அவள் அப்பாவோடு உட்கார்ந்து மிக்ஸி மோட்டார்களுக்குக் காயில் சுற்றுகிறாள். உதடு அசையாமல் சுற்று எண்ணுவாள். ஒரு காது மற்றவர்கள் பேச்சில் இருந்தாலும் எண்ணிக்கை தவறாது. ஏழு பேர் நெருக்கும் அந்த வீட்டில் யாரும் அவளைக் கூப்பிடாத, அடிக்காத, எழுந்திரு என்று சொல்லாத இடம் அது ஒன்றுதான். அவள் நகத்திலிருந்த கறுப்பு தோல் ஷாப் கறுப்பு இல்லை, காயிலுக்குப் பூசும் வார்னிஷ்.

அன்று சாயங்காலம் அவளை வீட்டுக்குக் கூட்டிவந்து நான்தான் போட்டேன். மெயின் அணைந்திருக்கிறதா என்று பார்த்து, கட்டையைச் செருகி, மெயினைத் தூக்கினேன். அவள் மூன்றடி தள்ளிக் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றாள். ஹாலில் ஃபேன் ஒரு முனகலோடு சுற்றத் தொடங்கியது. நான் குதித்தேன். அவள் ஃபேனுக்கு நேர் கீழே தரையில் மல்லாந்து படுத்து, ஐந்து நிமிடத்தில் தூங்கிப்போனாள். இருபது நிமிடம். எழுந்து வாயைத் துடைத்துக்கொண்டு "உங்க வூட்டுல எவ்ளோ அமைதி" என்றாள். எங்கள் வீட்டைப் பற்றி யாரும் அப்படிச் சொன்னதில்லை.

நாலே காலிலிருந்து ஐந்தே முக்கால் வரை அந்த வீடு எங்களுடையது. கணக்கு அவள் சொல்லித்தருவாள், இங்கிலீஷ் நான். அவளுக்குப் பொறுமை கிடையாது. தப்பாகப் போட்டால் "மண்டையில வார்னிஷ் ஊத்திகினியா" என்பாள். நான் அட்லஸை எடுத்து வைத்துக்கொண்டு தலைநகரம் கேட்பேன். தெரியாவிட்டால் அவள் ஒரு தலைநகரத்தைக் கண்டுபிடித்துச் சொல்லி அதற்காகக் கடைசிவரை சண்டை போடுவாள். நானும் விடமாட்டேன். சத்தம் தெருவரைக்கும் கேட்கும். அந்த வீட்டில் இரண்டு பேர் நேருக்கு நேர் கத்திக்கொள்வதைக் கேட்டு எத்தனை நாளாகியிருந்தது. ஐந்தே முக்காலுக்கு ஃபேனைத் துடைப்பக் கட்டையால் நிறுத்தி, ஃபியூஸைப் பிடுங்கி என் பழைய கேன்வாஸ் ஷூவுக்குள் ஒளித்துவிட்டு, அவளைப் பஸ் ஏற்றிவிடுவேன். ஆறு மணிக்கு அம்மா இருட்டுக்குள் வருவாள். நான் இருட்டில் உட்கார்ந்திருப்பேன். எல்லாம் சரியாக இருக்கும்.

இரண்டு மாதம் அப்படி ஓடியது.

நவம்பரில் ஒரு வெள்ளிக்கிழமை. மத்தியானத்திலிருந்தே மழை. ஐந்து மணிக்கே ஹால் இருட்டிவிட்டதால் டியூப் லைட்டைப் போட்டிருந்தோம். பம்மல் பக்கம் ரோட்டில் தண்ணீர் ஏறினால் பஸ்ஸை நிறுத்திவிடுவார்கள் என்று அவள் திடீரென்று பரபரத்தாள். ஒரே குடையில் இரண்டு பேரும் ஓடினோம். ஐந்து நிமிடத்தில் வந்துவிடப் போகிறேன், வந்து பிடுங்கிக்கொள்ளலாம் என்றுதான் ஃபியூஸை அப்படியே விட்டுவிட்டு வந்தேன். பஸ் ஒரு மணி நேரத்துக்கு மேல் வரவில்லை. நீ போ என்று அவள் சொன்னாள், நான் போகவில்லை. நின்று பேசிக்கொண்டிருந்தோம். என்ன பேசினோம் என்று ஒன்றும் நினைவில்லை. சிரித்துச் சிரித்து வயிறு வலித்தது மட்டும் நினைவிருக்கிறது.

திரும்பி வரும்போது தெருமுனையிலிருந்தே தெரிந்தது. எங்கள் வீட்டில் லைட் எரிந்துகொண்டிருந்தது.

அம்மா சமையலறையில் இருந்தாள். அப்பளம் பொரியும் வாசனை. அவள் ஏதோ முணுமுணுத்துப் பாடிக்கொண்டிருந்தாள்.

"எங்கடீ போன மழையில? தலையத் துவட்டு." திரும்பிப் பார்த்து, ரகசியம் போலக் குரலைத் தாழ்த்தினாள். "பாத்தியா? ஃபியூஸை விட்டுட்டுப் போயிருக்காரு. வாயால சொல்லலயே தவிர, புத்தி வந்துடுச்சு."

ஒன்பது மாதத்துக்குப் பிறகு அந்த வீட்டு மேடையில் மூன்று தட்டு இருந்தது. அப்பாவுக்குப் பிடித்த வத்தக்குழம்பு, சுட்ட அப்பளம் பிடிக்காது என்று பொரித்த அப்பளம். உண்மையைச் சொல்லி அதைக் கலைக்க எனக்கு மனசு வரவில்லை என்று இத்தனை நாள் சொல்லிவந்திருக்கிறேன். அது பாதிதான் உண்மை. மீதி, பயம்.

அப்பா ஏழு மணிக்கு வந்தார். கேட் பக்கத்திலேயே நின்று லைட்டைப் பார்த்தார். கையிலிருந்த ஆபீஸ் பையை ஒருமுறை அமுக்கிப் பார்த்துக்கொண்டார். உள்ளே வந்து ஃபேனைப் பார்த்தார், தட்டைப் பார்த்தார், வத்தக்குழம்பைப் பார்த்தார். அவர் மனதில் என்ன ஓடியது என்று அப்போது எனக்குப் புரியவில்லை. கரண்டு எப்படி வந்தது என்பது ஒரு பக்கம் இருக்கட்டும், இவள் சோறு போட்டிருக்கிறாள், அப்படியென்றால் இவள் இறங்கி வந்துவிட்டாள் என்று அவர் கணக்குப் போட்டிருக்க வேண்டும். பார்சலை வாங்காத மாதிரி டிவிக்குப் பின்னால் தள்ளிவிட்டு உட்கார்ந்தார். இரண்டு முறை சாதம் போட்டுக்கொண்டார். நான்கு அப்பளம்.

அம்மாவால் அதற்கு மேல் தாங்க முடியவில்லை. ஜெயித்தவள் சும்மா இருக்க வேண்டுமென்றால் பெரிய மனசு வேண்டும். "இப்பவாவது புத்தி வந்ததே, சந்தோஷம்னு சொல்லு உங்கப்பாகிட்ட."

அப்பா கை நின்றது. "யாருக்குப் புத்தி வந்துச்சாம்? கேளு."

"யாரு ஃபியூஸை விட்டுட்டுப் போனாங்களோ அவங்களுக்குன்னு சொல்லு."

அப்பா எழுந்தார். எச்சில் கையோடு இடது கையால் பையைத் திறந்து, கர்சீப்பைப் பிரித்து, ஃபியூஸ் கட்டையைத் தட்டுக்குப் பக்கத்தில் டொக்கென்று வைத்தார்.

அம்மா அதைப் பார்த்தாள். தலையைத் தூக்கி, எரியும் டியூப் லைட்டைப் பார்த்தாள். பிறகு இரண்டு பேரும் ஒரே நொடியில் என்னைப் பார்த்தார்கள். எனக்குத் தெரிந்து அவர்கள் சேர்ந்து செய்த முதல் காரியம்.

"யாரு போட்டா?" என்றார் அப்பா.

பம்மல் பெண்ணின் பெயரைச் சொன்னேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். "அவதான் கட்டையக் கொண்டாந்தா. அவதான் போட்டா. நான் தொடவே இல்ல." பத்தடி தூரத்தில் ஒரு வாக்கியத்தை வேறு வாக்கியமாக்கும் கை எனக்கு. இதற்கு ஒரு அடிகூடத் தேவைப்படவில்லை.

மறுநாள் சனிக்கிழமை காலையில் மூன்று பேரும் ஸ்கூட்டரில் பம்மல் போனோம். ஓட்டுவது அப்பா, கடைசியில் அம்மா, நடுவில் நான். ஜி.எஸ்.டி. ரோட்டில் குரோம்பேட்டை தாண்டும்வரை என் இரண்டு காதும் ஓயவில்லை.

"லாரி வருதுன்னு சொல்லு."

"எனக்குக் கண்ணு இருக்குன்னு சொல்லு."

"இருந்தா ஏன் பள்ளத்துல விடணும்னு கேளு."

வீட்டில் யாரும் இல்லாத நேரம் என்பதால் ஃபியூஸும் எங்களோடு வந்தது, அப்பாவின் சட்டைப் பையில். ரெகுலேட்டரும் வந்தது. சாட்சிக்கு அந்த உடைந்த மூலைக் கட்டையும் வந்தது.

அந்தச் சந்தில் தோல் ஷாப் வாடையும் எரிந்த வார்னிஷ் வாடையும் கலந்து அடித்தது. வாசலில் அடிபம்ப்பில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தவர் அவளுடைய அம்மா. கடைக்குள், பிரித்துப் போட்ட மோட்டார்களுக்கு நடுவில் சித்தப்பா குப்புறப் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தார். அவள் டேபிளில் இருந்தாள். எங்களைப் பார்த்ததும் கை நின்றது, உதடு மட்டும் அந்தச் சுற்றை எண்ணி முடித்தது.

"உங்க பொண்ணு திருட்டுத்தனமா வந்து எங்க வீட்டு மெயின்ல கை வச்சிருக்கா" என்றார் அப்பா.

அவள் அம்மா எழுந்து கையை உதறினார். "இன்னா சார், காத்தால வூடு தேடி வந்து திருட்டு கிருட்டுன்ற? உன் வூட்டுல இன்னா கீது எம்பொண்ணு திருட? இருட்டா?"

"வாயப் பாரு. இந்த மாதிரி இடத்துலேர்ந்து வர்றதுகளோட பழகாதன்னு தலப்பாடா அடிச்சுக்கிட்டேன்" என்றாள் அம்மா என்னிடம். ஒருநாளும் அவள் அப்படிச் சொன்னதில்லை. அவளுக்கு என் சிநேகிதிகள் யார் என்றே தெரியாது.

"இன்னா மாதிரி எடம்? சொல்லும்மா, கேட்டுக்கறேன். டீச்சராம்."

உள்ளேயிருந்து அவள் அப்பா கழிவுப் பஞ்சில் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். கத்தவில்லை. "அத்தக் குடு சார்" என்று உடைந்த மூலைக் கட்டையை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "ஒத்தக் கம்பி. சரியா கட்டிக்கீது. உங்க கட்ட எங்க?"

அப்பா சட்டைப் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தார். ஏன் கொடுத்தார் என்று அவருக்கே தெரிந்திருக்காது.

"இத்த யார் சார் கட்டுனது?"

"நான்தான்."

"ஆறு இழைய முறுக்கிக் கட்டிக்கிற. லாரிய இழுக்கலாம் சார் இத வச்சி. வூடே எரிஞ்சாலும் இது போவாது. பேஜார் உன்னுதுதான், எம்பொண்ணுது இல்ல."

சித்தப்பா படுத்தபடியே சிரித்தார். அப்பாவின் காது சிவந்ததைப் பின்னாலிருந்து பார்த்தேன். அம்மா அந்த நேரத்திலும் சந்தோஷப்பட்டாள், உதட்டோரம் தெரிந்தது.

ஆனால் அவர் அத்தோடு விடவில்லை. மகள் பக்கம் திரும்பினார். "கட்டுனது சரி. அவங்க வூட்டு மெயின்ல கை வச்சது யாரு? நீயா?"

அவள் என்னைப் பார்த்தாள். நான் ஆணியில் தொங்கிய செப்புக் கம்பிச் சுருளைப் பார்த்தேன். அதை இப்போதும் வரைந்து காட்டுவேன், அவ்வளவு உற்றுப் பார்த்தேன்.

"ஆமா" என்றாள் அவள்.

"எழுந்துரு."

அவள் டேபிளைவிட்டு எழுந்தாள். அவர் ஸ்டூலைக் காலால் சுவரோரம் தள்ளினார். "இனிமே இந்தப் பக்கம் வராத." அவ்வளவுதான். ஓர் அடிகூட இல்லை. அடித்திருந்தால் தேவலை என்பது அவள் முகத்தில் இருந்தது.

இரண்டு மாதமாக என் பக்கத்தில் உட்கார்ந்தவள் திங்கட்கிழமை பெஞ்ச் மாறி உட்கார்ந்தாள். நான் துண்டுச் சீட்டு எழுதினேன், படிக்காமல் கிழித்தாள். அட்லஸை அவள் பெஞ்சில் வைத்தேன், திருப்பிக் கொண்டுவந்து வைத்தாள். மூன்று வாரம். இதற்குள் அவள் நகம் வெளுத்துவிட்டது. அதைப் பார்க்கவே எனக்குப் பிடிக்கவில்லை. கடைசியில் குழாயடியில் வழி மறித்தேன்.

"ஒரு தடவ பேசு. நான் உன் பேரச் சொன்னது தப்புதான்."

"பேரச் சொன்னது தப்பில்ல. கட்ட என்னுது. நான்தான் குடுத்தேன்." முதல் முறையாக என்னை நேராகப் பார்த்தாள். "நான் தொடலன்னு உனக்குத் தெரியும். மூணடி தள்ளி நின்னேன். எங்கப்பா என்னிய நிக்க வச்சிக் கேட்டாரு, நீ கம்பியப் பாத்துகினு நின்ன. பேசணும்னா என்னாண்ட பேசாத. எங்கப்பாவாண்ட வந்து பேசு."

தைரியம் வர நான்கு நாள் ஆயிற்று. வந்ததும் தைரியத்தால் இல்லை, எரிச்சலால். அன்று காலை ஏழு மணிக்கு என் பரீட்சைத் தாளில் யார் கையெழுத்துப் போடுவது என்று ஆரம்பித்து, அது என் பொய்யில் வந்து நின்றது.

"திருட்டு ஃபியூஸ் போட ஆளக் கூட்டிட்டு வர்றது, மறைக்கறது, எல்லாம் உங்கம்மா ரத்தம்னு சொல்லு."

"பொய் சொல்ல எங்க வீட்டுப் பக்கம் யாருக்கும் தெரியாது, அது உங்கப்பா அக்கா வழின்னு சொல்லு."

பல் தேய்த்துக்கொண்டே கேட்டேன். நான் சொன்ன உண்மையான பொய் எதுவென்று இரண்டு பேருக்கும் தெரியவில்லை. தெரியாமலே அதைப் பங்கு போட்டுக்கொண்டிருந்தார்கள். அது எனக்குச் சகிக்கவில்லை. அந்தப் பொய் என்னுடையது.

அப்பா குளிக்கப் போனார். அம்மா புடவை கட்டப் போனாள். நான் மெயினை அணைத்தேன், ஃபியூஸைப் பிடுங்கினேன். குளியலறையிலிருந்து "ஹலோ, லைட்டு" என்று ஒரு குரல். சமையலறைக்குப் போய் ரெகுலேட்டரைக் கழற்றினேன். இரண்டையும் புத்தகப் பைக்குள் போட்டுக்கொண்டு பள்ளிக்கூடம் போனேன். யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. எனக்கும் சேர்த்துச் செய்தி சொல்ல அந்த வீட்டில் வேறு யாரும் இல்லையே.

சாயங்காலம் அவள் ஏறிய பஸ்ஸிலேயே ஏறினேன். அவள் முன்னால் நின்றாள், நான் பின்னால். இறங்கி நான் சந்துக்குள் நடக்க, அவள் பத்தடி பின்னால் வந்தாள்.

அவள் அப்பா ஒரு பம்ப்செட் மோட்டாரைக் கழற்றிக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

"எங்க வீட்ல ஃபியூஸ் போட்டது நான்தான். உங்க பொண்ணு கை வைக்கல. பயத்துல மாத்திச் சொன்னேன்."

"ஓ."

"அவ தள்ளித்தான் நின்னா. உங்க ரூலையும் சொன்னா."

அவர் இப்போது பார்த்தார். "அன்னிக்கி ஒரு பேச்சு, இன்னிக்கி ஒரு பேச்சு. எத்த நம்புறது? ஒனக்குப் பீஸு கட்டத் தெரியுமா?"

பையைத் திறந்தேன். புத்தகங்களுக்கு நடுவிலிருந்து அப்பாவின் ஃபியூஸ் கட்டையை எடுத்தேன். கூடவே ரெகுலேட்டரும் வெளியே உருண்டு வந்து தரையில் விழுந்தது. அவர் அதைப் பார்த்தார். ஆறு இழை முறுக்கைப் பிரித்து எறிந்தேன். அவர் ஒரு துண்டுக் கம்பியை என் பக்கம் போட்டார். வலப் பக்கமாகச் சுற்றினேன், முடுக்கினேன், நீட்டினேன். அவர் விரலால் கம்பியைச் சுண்டினார்.

"லூஸு. திருப்பி கட்டு."

திருப்பிக் கட்டினேன்.

"கம்பிய இம்மாம் இழுத்தா தானே அறுந்துக்கும். திருப்பி."

மூன்றாவது முறை கட்டிக் கொடுத்தபோது என் விரல் நுனியில் ரத்தம். அவர் சுண்டிப் பார்த்தார், வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "இது எம்பொண்ணு சொல்லிக் குடுத்த கட்டுதான்" என்று என்னிடம் திருப்பிக் கொடுத்தார். பிறகு மோட்டார் பக்கம் குனிந்துகொண்டே, வாசல் பக்கம் பார்க்காமல் குரல் கொடுத்தார். "அந்த மிக்ஸி மோட்டாரு நாலு நாளாத் தூங்குது. யாரு சுத்துவா, உன் சித்தப்பனா?"

அவள் உள்ளே வந்தாள். சுவரோரம் இருந்த ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். என்னைத் தாண்டித்தான் போனாள், பார்க்கவில்லை. கம்பி முனையைப் பிடித்து முதல் பத்துச் சுற்று போட்டாள். எனக்குப் போகலாமா நிற்கலாமா என்று தெரியவில்லை.

"அந்த டேப்ப எடு" என்றாள்.

"எது?"

"கண்ணு தெரிலியா? வெள்ளையா கீதே, அது."

எடுத்துக் கொடுத்தேன். அவள் தரையில் கிடந்த ரெகுலேட்டரைக் காலால் நகர்த்திப் பார்த்தாள். "இத்தையும் எடுத்தாந்துட்டியா?"

"ம்."

"அப்ப இன்னிக்கி உங்க வூட்டுல கரண்டு?"

"கிடையாது."

"அடுப்பு?"

"கிடையாது."

அவள் உதட்டைக் கடித்துக்கொண்டாள். எண்ணிக்கை தவறிவிட்டது. அவளுக்கு எண்ணிக்கை தவறி நான் பார்த்தது அன்று மட்டும்தான். "தூ, உன்னால முப்பதா நாப்பதான்னு மறந்துட்டேன்" என்று சுற்றியதையெல்லாம் அவிழ்த்துவிட்டு முதலிலிருந்து தொடங்கினாள். பின் ரூமிலிருந்து அவள் அம்மா, "அந்த டீச்சர் வூட்டுப் பொண்ணா? சோத்த துன்னுட்டுப் போவச் சொல்லு, அங்க இன்னா கீது" என்று கத்தினார். அன்பெல்லாம் இல்லை, கோபம்தான். சாப்பிட்டேன்.

ஏழரைக்குத் தாம்பரத்தில் இறங்கி வீட்டுக்கு நடந்தேன். தெருவில் எல்லா வீட்டிலும் லைட் எரிய, எங்கள் வீடு மட்டும் இருட்டாக இருந்தது. கேட்டுக்குப் பக்கத்தில் வந்ததும் வராந்தாவில் இரண்டு குரல் கேட்டது.

"நீ எடுத்துப் பழக்கினதாலதான அவ எடுத்தா?"

"மொதல்ல யாரு எடுத்தது? உங்க கட்டையா என் ரெகுலேட்டரா?"

"என் கேள்விக்குப் பதில் சொல்லு."

"நீங்க சொல்லுங்க முதல்ல."

சொல்லு, சொல்லு என்று ஒருவரை ஒருவர் நேராகக் கடித்துக்கொண்டிருந்தார்கள். உள்ளே போனால் எனக்கு அடி நிச்சயம். யார் முதலில் அடிப்பது என்று அதற்கும் ஒரு சண்டை வரும். என் பையில் ஃபியூஸும் ரெகுலேட்டரும் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டு கிடந்தன. கேட்டின் தாழ்ப்பாளில் கை வைத்தேன். பிறகு எடுத்துவிட்டு, காம்பவுண்டு சுவரில் சாய்ந்து நின்றேன். இன்னும் கொஞ்ச நேரம் பேசட்டும். எனக்கு அங்கே ஒரு வேலையும் இல்லை.